முதல் வரிசைக்கு ஒத்திகை கிடையாது

பல்கலைக்கழக வாத்தியக் குழுவில் சேரும் பிள்ளையிடம் முதலில் நீட்டப்படுவது வயலின் அல்ல, விதித்தாள். அடியில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே இடம். ஒத்திகைக்குக் கால் மணி நேரம் முன்னதாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திரு. மூன்று முறை வராவிட்டால் பெயர் நீக்கப்படும். மருத்துவர் சீட்டு இருந்தால் யோசிப்போம். பென்சில் இல்லாமல் வராதே. கைப்பேசியை அணை. கச்சேரியன்று கறுப்புச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கறுப்புக் காலுறை. காலுறையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மேடை கிடையாது. வாத்தியத்துக்குச் சேதம் வந்தால் காசு உன் வீட்டுக் காசு. மேடையில் சிரிக்காதே, பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதே, கூட்டத்தில் அம்மா எங்கே என்று தேடாதே. பினாங்கோ பெர்லினோ, விதித்தாள் கிட்டத்தட்ட இதுதான்.

இதில் பெரும்பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. அறுபது பேர் சேர்ந்து ஒரே மூச்சு விடுவது விளையாட்டல்ல. ஓபோ என்ற மரக்குழல் 440 ஹெர்ட்ஸில் ஒரு சுருதியைப் பிடிக்கும். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் கம்பிகளையும் குழல்களையும் அதற்குச் சேர்ப்பார்கள். அது முடிந்த பிறகு ஓடிவந்து ஒருவர் தன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தால் மற்ற ஐம்பத்தொன்பது பேரின் வேலையும் பாழ். வயலின்காரர்களின் வில் எல்லாம் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வர வேண்டும். எங்கே மேல், எங்கே கீழ் என்று தாளில் குறித்துக்கொள்ளத்தான் பென்சில். நாளைக்கே நடத்துநர் மனம் மாறினால் அழிக்க வேண்டுமே. இரண்டு பேருக்கு ஒரு தாள்தாங்கி. உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தன் வாசிப்பை ஒரு கணம் விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார், வெளிப்பக்கத்தவர் விடாமல் வாசிப்பார். யாரும் கைதட்டாத அந்த விட்டுக்கொடுத்தல் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் கிடைக்காத படிப்பு. காலுறையின் கோட்டைப் பற்றி மட்டும் பீத்தோவன் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை.

எனக்குக் கோபம் வருவது கச்சேரி இரவில். அழைப்பிதழில் இரவு எட்டு மணி என்று அடித்திருக்கும். பிள்ளைகள் நாலு மணிக்கே மண்டபத்தில். ஆறு மணிக்கு நாசி லெமாக் பொட்டலம், காற்சட்டையில் சம்பல் சிந்தாமல் மடியில் காகிதம் விரித்துச் சாப்பிட வேண்டும். ஏழே முக்காலுக்கு மேடையில் ஆள் ஆடாமல் அசையாமல் தயார். எட்டும் ஆகும், எட்டே காலும் ஆகும். முதல் வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள் காலியாகக் கிடக்கும். வாசலில் முதலாண்டு மாணவர்கள் இரண்டு பக்கமும் நின்று புங்கா மங்கார் என்ற காகிதப்பூக் குச்சிகளைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். கை வலித்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மட்டும் விதி இல்லை. கொம்பாங் என்ற கைமுரசுக் குழு தட்டுவதற்குக் கையை ஓங்கியபடி காத்திருக்கும். கௌரவ விருந்தினரான மந்திரி வந்துகொண்டிருக்கிறார். பாலத்தில் நெரிசலாம். பாலத்தில் நெரிசல் என்பது பினாங்கில் 1985இல் பாலம் திறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பட்டர்வொர்த்திலிருந்து பஸ் ஏறி வரும் கிளாரினெட்காரப் பையன் அதற்காகவே மத்தியானம் புறப்பட்டு வந்தான். மந்திரியின் ஓட்டுநருக்கு மட்டும் அது புதுச் செய்தி.

எட்டு ஐம்பதுக்கு அவர் வருவார். அவர் உட்காரும்வரை எல்லோரும் நிற்க வேண்டும், வாசிப்பவர்கள் உட்பட. பிறகு விளிகள் தொடங்கும். யாங் பெர்ஹோர்மாட், யாங் பெர்பகாகியா, டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ, அவர்தம் துணைவியார், துணைவேந்தர், துணைத் துணைவேந்தர்கள், பதிவாளர், நிதியதிகாரி, புலமுதல்வர்கள். அறுபது வாத்தியம் சுருதி சேர்வதற்கு ஒரு நிமிடம் போதும். முதல் வரிசைக்குச் சுருதி சேர்க்க ஏழு நிமிடம் ஆகிறது, அப்போதும் ஒருவர் பெயர் விட்டுப்போய் மறுபடி மைக் பிடிப்பார்கள். அடுத்து உரை. இசை இனங்களை இணைக்கிறது என்று மூன்று முறை வரும், ஒழுக்கம் என்று ஐந்து முறை வரும். காலந்தவறாமை இளைஞர்களின் அணிகலன் என்றும் வரும். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒழுங்கான ஊர்.

மூன்றாவது உருப்படி முடிந்ததும் அவருக்கு வேறு நிகழ்ச்சி. பரிசுக்கூடையோடு எழுந்து போவார். அவரை வழியனுப்ப இரண்டாவது வரிசை போகும், இரண்டாவது வரிசையை வழியனுப்ப மூன்றாவது. ஆறு மாதம் ஒத்திகை பார்த்த சிம்பொனியை மிச்சக் கூட்டத்துக்கும் அம்மாக்களுக்கும் வாசிப்பார்கள். உண்மையில் கேட்க வந்தவர்கள் அவர்கள்தான் என்பது வேறு விஷயம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பாட்டிகள் சொன்னது பல்கலைக்கழகங்கள் வருவதற்கு முன்பு. வந்த பிறகு அதற்கு ஒரு நெறிமுறைப் பிரிவும் ஏற்பட்டிருக்கிறது.

இது வெறும் தாமதப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் சட்டம். மலேசியாவில் 1971இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. ஆவுக்கு என்பது அதன் செல்லப் பெயர். 1974 கடைசியில் பாலிங் வட்டாரத்து ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்கள் ரப்பர் விலை விழுந்து பட்டினியில் கிடந்தபோது, மாணவர்கள் கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மறுவருடமே சட்டம் இறுக்கப்பட்டது. மாணவன் எந்தக் கட்சிக்கும் எந்தத் தொழிற்சங்கத்துக்கும் ஆதரவோ அனுதாபமோ எதிர்ப்போ காட்டக் கூடாது என்று ஆனது. அனுதாபம்கூடக் கூடாது என்பதைக் கவனிக்க. பசித்தவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கும் துணைவேந்தரின் அனுமதி வேண்டும் என்று ஒரு நாட்டின் சட்டம் நினைத்தது.

அதன் கீழ் வந்த ஒழுங்கு விதிகள் இன்னும் ரசமானவை. துணைவேந்தரின் முன் அனுமதி இல்லாமல் வளாகத்தில் ஐந்து பேருக்கு மேல் கூட்டம் கூடாது, ஒலிபெருக்கி வைத்திருக்கக் கூடாது, பதாகை கூடாது என்றன. இசை படிக்கிறவர்கள் இதை வேறு விதமாகத்தான் பார்க்க முடியும். நால்வர் வாசிக்கும் கம்பி வாத்தியக் குழு சட்டப்படி சுத்தம். ஐவர் என்றாலும் தப்பிக்கலாம். ஆறாவது ஆள் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் கடிதம் எழுத வேண்டும். மொசார்ட்டுக்கு இந்த விதி தெரியாமல் போனதால் சில இடங்களில் அத்துமீறிவிட்டார்.

2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்த இடத்தில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் இருந்தார்கள். அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர்கள். தேர்தலுக்குப் போய்விட்டார்கள் என்று அவர்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை. மீன்வளம் படிக்கிறவன் கடலுக்குப் போனால் கைதுசெய்வார்களா என்று கேட்க வேண்டிய வழக்கு. 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்சி ஆதரவைத் தடுத்த அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் சிந்தனையாளர்களையும் சீர்திருத்தக்காரர்களையும் வளர்க்க வேண்டிய இடமே தவிர, இயந்திர மனிதர்களைப் பழக்கும் இடமல்ல என்ற பொருளில் நீதிபதி இஷாமுடின் யூனுஸ் எழுதினார். 2012இல் சட்டம் தளர்ந்தது, 2018 டிசம்பரில் இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. சட்டம் தளர்ந்தாலும் நாற்பது வருடம் ஊறிய கை தளரவில்லை. அந்தக் கைதான் காலுறைக் கோட்டைப் பற்றி எழுதுகிறது.

எங்கள் பினாங்கில் 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் பட்டாளம் காலிசெய்த மிண்டன் முகாமில் வந்து அமர்ந்தது. முகாமின் கட்டடங்கள் வகுப்பறைகளாயின. பட்டாளத்துக்காரன் பெட்டி கட்டிக்கொண்டு கப்பல் ஏறினான். இந்த நாட்டின் கல்வி அதிகாரிகள் அவனுடைய அணிவகுப்பை மட்டும் ஞாபகமாக வைத்துக்கொண்டார்கள்.

வாத்தியக் குழுவுக்கு நடத்துநர் ஒருவர் கோலோடு மேடையில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. தாளத்தை உண்மையில் யார் தீர்மானிக்கிறார் என்பதற்கு நம் தேசிய கீதமான ‘நெகாராகூ’வின் வரலாற்றைப் பார்க்கலாம். சுதந்திரத்துக்கு முன்பு தேசிய கீதத்துக்காகப் போட்டி வைத்தார்கள். 514 மெட்டுகள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரியவர்களிடம் மெட்டுக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள், அதுவும் தேறவில்லை. மலாய் இசையமைப்பாளர் சுபிர் சைட்டும் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் பிறகு சிங்கப்பூரின் கீதத்தை எழுதினார். கடைசியில் பேராக் மாநிலத்தின் கீதத்தை எடுத்து, 1957இல் நாட்டின் கீதமாக்கினார்கள். ‘தெராங் புலான்’ என்ற நிலாக் காதல் பாட்டாக ஊரெல்லாம் பாடிய மெட்டு அது. அதுவரைக்கும் எனக்கு இனிக்கிறது. காதல் பாட்டொன்று நாட்டின் கீதமாவதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. 1968இல் சட்டம் வந்தது: மரியாதை காட்டாவிட்டால் நூறு வெள்ளி வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. 1992இல் நாடு வேகமாக முன்னேற வேண்டும் என்று கீதத்தை அணிநடையாக்கி ஓடவிட்டார்கள். 2003இல் போதும் என்று பழையபடி நிதானமாக்கினார்கள். அந்தப் பதினொரு வருடமும் இந்த நாட்டில் ஒவ்வொரு பள்ளிக் குழுவும் பல்கலைக்கழகக் குழுவும் ஓடச் சொன்னபோது ஓடியது, நடக்கச் சொன்னபோது நடந்தது. வாசிக்கிறவனிடம் யாராவது, தம்பி, இந்த மெட்டுக்கு எந்த வேகம் பொருந்தும் என்று கேட்டிருப்பார்களா?

ஜார்ஜ்டவுனில் பி. ரம்லியின் பெயரில் சாலை இருக்கிறது, அவர் வீடு காட்சியகமாக இருக்கிறது. 1929 மார்ச் 22 அன்று இந்தத் தீவில் பிறந்தவர். பாடினார், நடித்தார், இயக்கினார், மெட்டமைத்தார். 1973 மே 29 அன்று கோலாலம்பூரில் நாற்பத்து நாலு வயதில் கையில் காசில்லாமல் இறந்தார். டான் ஸ்ரீ பட்டம் 1990இல் கொடுத்தார்கள். செத்துப் பதினேழு வருடம் கழித்து! சோபாவில் உட்கார ஆளில்லாத பிறகுதான் கலைஞனுக்கு முதல் வரிசையில் இடம் ஒதுக்குகிறோம். காண்ட்ராக்டருக்கு அவ்வளவு நேரம் ஆவதில்லை.

இனி நம் தமிழர் பக்கம். கச்சேரியின் நடுவில் முகிபா என்ற நல்லிணக்க உருப்படி ஒன்று கட்டாயம் உண்டு. மூன்று இனமும் ஒரே மேடையில். சீனர்களுக்கு எர்ஹூ ஒன்று, மலாய்க்காரர்களுக்கு ரெபானா ஒன்று, நமக்குத் தபேலா ஒன்று. அந்தத் தபேலாவுக்காக ஒரு தமிழ்ப் பையனைத் தேடிப் பிடிப்பார்கள். அவன் கணினிப் பிரிவில் படிப்பான், தபேலாவை யூடியூபில் பார்த்திருப்பான், அவன் அப்பாவுக்கு மிருதங்கம் தெரியும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். போதும். ஜிப்பா போட்டு உட்காரவைத்து, இரண்டு நிமிடம் தட்டச் சொல்லி, படம் பிடித்து ஆண்டறிக்கையில் போட்டுவிடுவார்கள். 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசிய கலாசார மாநாடு, இந்த மண்ணின் கலாசாரமே அடிப்படை, மற்றவற்றில் பொருத்தமானதை ஏற்கலாம் என்று வகுத்தது. பொருத்தமானது எவ்வளவு என்று அப்போது அளவு சொல்லவில்லை. இரண்டு நிமிடம் என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

ஆனால் அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்துக் குமுறும் நம்மவர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 1988இல் ஜொகூர் பாருவில் சீனர்கள் இருபத்து நான்கு பருவ முரசு என்று ஒரு புதிய குழுக்கலையை உண்டாக்கினார்கள். அது பள்ளிப் பிள்ளைகள் கையில் வளர்ந்தது. 2009இல் அது தேசிய மரபுடைமையானது. நம் உறுமி எங்கே இருக்கிறது? தோட்டத்துப் பிள்ளைகள் தாங்களே காசு போட்டுத் தோல் வாங்கி, தாங்களே கற்று, இரவெல்லாம் காவடிக்குத் தட்டும் மேளம் அது. அதற்கு நம் பெரியவர்கள் கொடுத்த ஒரே கவனிப்பு கட்டுப்பாடுகள்: இந்தப் பாதையில் கூடாது, இந்த நேரத்துக்கு மேல் கூடாது, சினிமா மெட்டு கூடாது. சிங்கப்பூரிலோ அரசாங்கமே 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியமே கூடாது என்று நிறுத்தி, 2016இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நின்று வாசிக்கலாம் என்று விட்டார்கள். பினாங்கில் 1894இலிருந்து வெள்ளி ரதம் ஓடுகிறது; 2017இலிருந்து தங்க ரதமும் ஓடுகிறது. இரண்டு ரதத்துக்குக் காசு கிடைத்த ஊரில் உறுமி கற்றுக்கொடுக்க ஒரு கூரை கிடைக்கவில்லையா? கோயில் நாதஸ்வரத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஆள் தேடி, விசாவுக்கு மனுப்போட்டுக் காத்திருக்கிறோம். ஆனால் நம் பிள்ளை குழலை எடுத்தால், படிப்பு கெட்டுவிடும்.

சரியான விதி எப்படி இருக்கும் என்பதற்கும் வாத்தியக் குழுக்களிடமே உதாரணம் உண்டு. அமெரிக்காவின் பெரிய குழுக்கள் பலவற்றில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் திரை போடுகிறார்கள். வாசிப்பது ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா என்று நடுவர்களுக்குத் தெரியாது. காலணிச் சத்தம் காட்டிக்கொடுக்காமலிருக்கக் கம்பளம்கூட விரிப்பார்கள். காது மட்டும் தீர்ப்புச் சொல்லும். வியன்னா பில்ஹார்மோனிக் பெண்களை உறுப்பினராக்காமல் பிடிவாதம் பிடித்தது. இருபத்தாறு வருடம் அவர்களோடு யாழ் வாசித்த அன்னா லெல்கெஸ் என்ற பெண்ணை 1997இல்தான் முழு உறுப்பினராக்கியது. உலகம் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. நம் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பின் இடங்களை 2019இல் இருபத்தையாயிரத்திலிருந்து நாற்பதாயிரமாக்கினார்கள். பூமிபுத்திரர்களுக்குத் தொண்ணூறு, மற்றவர்களுக்குப் பத்து விழுக்காடு என்ற இனக் கணக்கை மட்டும் தொடவில்லை. உள்ளே வருவதற்கு முன்பே திரையைக் கழற்றி முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்தவர்களை ஒரே நிறத்தில் கறுப்புச் சட்டை போடச் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் ஒற்றுமை.

எனவே முதல் வரிசைக்கும் ஒரு விதித்தாள் வேண்டும். நானே எழுதிக் கொடுக்கிறேன், சம்பளம் வேண்டாம். கௌரவ விருந்தினராக விரும்புகிறவர் தேர்வுக்கு வர வேண்டும்: திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் டத்தோ யார் தோட்டக்காரர் என்று நடுவர்களுக்குத் தெரியாமல், ஒரு முழுச் சிம்பொனியைக் கைப்பேசி தொடாமல் கேட்டு முடிக்க வேண்டும். குறட்டை காட்டிக்கொடுத்தால் தேர்வில் தோல்வி. நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம் முன்னதாக சோபாவில் இருக்க வேண்டும். முதல் தாமதத்துக்கு ‘ஸ்ரீ’ போகும். இரண்டாவது தாமதத்துக்கு ‘டத்தோ’ போகும். மூன்றாவதற்குப் பிறகு அப்பா அம்மா வைத்த பெயரோடு பின்வரிசை. காலுறைப் பரிசோதனை உண்டு. படம் பிடிக்க மேடையேறி யாருடைய தாள்தாங்கியையாவது தட்டிவிட்டால் காசு அவர் வீட்டுக் காசு. பாதியில் எழுந்து போகிறவர் பரிசுக்கூடையை பாசூன்காரரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், நாசி லெமாக் பொட்டலம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். உரை வேண்டும் என்றால், ஒழுக்கம் என்ற சொல் வரும் ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து நின்று உட்கார வேண்டும். விளிகளுக்கு ஓபோ வாசிப்பவர் ஒரு மூச்சு தருவார். அந்த மூச்சு முடிவதற்குள் எல்லாப் பட்டமும் முடிய வேண்டும்.

நடக்காது என்று தெரியும். நடக்கக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 1998இல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் திறந்த பெட்ரோனாஸ் இசையரங்கில், தாமதமாக வருகிறவர் வாசிப்பில் இடைவெளி வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். அந்த அரங்கமும் அரசாங்க எண்ணெய்க் காசில் கட்டியதுதான். துணைவேந்தர்களே, அந்த ஒரு விதியை உங்கள் மண்டபங்களுக்கும் கொண்டுவாருங்கள். எட்டு மணி என்று அழைப்பிதழில் அடித்திருந்தால் எட்டு மணிக்குக் கதவைச் சாத்துங்கள், வெளியே கொடிபோட்ட கார் நின்றாலும்.